பக்கவாதத்தால் இறுகிய கைக்கு போட்டாக்ஸ் ஊசி: சில வருட அனுபவம்

ஸ்ட்ரோக் வந்த புதிதில் அம்மாவின் வலது கை துவண்டு கிடந்தது. சில மாதங்களில் நேர்மாறாக இறுக ஆரம்பித்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுவிட்டன. நகம் வெட்ட முடியாது. உள்ளங்கையைக் கழுவித் துடைக்க முடியாமல் வியர்வையில் தோல் ஊறி வெந்து நாற்றமடிக்கும். ரவிக்கைக்குள் கையை நுழைப்பதற்குள் அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிடும். பேக்லோஃபென் மாத்திரையில் இறுக்கம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பகலெல்லாம் தூக்கம். அப்புறம்தான் டாக்டர் போட்டாக்ஸ் பற்றிச் சொன்னார்.

முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற, தசைக்குச் செய்தி கொண்டுபோகும் ரசாயனம் வெளியாவதை இது தடுக்கிறது. 'சுருங்கு' என்ற கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. அமெரிக்காவில் பெரியவர்களின் கை இறுக்கத்துக்கு 2010இலும் கால் இறுக்கத்துக்கு 2016இலும் இதற்கு அனுமதி கிடைத்தது.

அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே, விரலையும் முழங்கையையும் மடக்கும் தசைகளில் போடுகிறார்கள். மருந்து இறங்கும்போது தசைக்குள் கறுப்பாக ஒரு திட்டு விரிவது திரையில் தெரியும். முன்கையில் குத்தும்போது வலிக்கத்தான் செய்யும். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

முதல் சில நாட்கள் ஒரு மாற்றமும் தெரியாது. ஒரு வாரத்தில் இளகத் தொடங்கும், நாலைந்து வாரத்தில் நன்றாக இளகியிருக்கும், மூன்று மாத வாக்கில் பழையபடி இறுகும். பொதுவாக 12 வாரத்துக்கு முன்னால் மறுபடி போடுவதில்லை.

ஊசி போடுமுன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இது இறுக்கத்தை எடுக்கும், செயலிழந்த கைக்கு அசைவைக் கொண்டுவந்துவிடாது. அம்மாவால் இன்றும் அந்தக் கையால் தம்ளரைப் பிடிக்க முடியாது. ஆனால் உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது, நகம் வெட்ட முடிகிறது, உடை மாற்றும்போது அலறல் இல்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம். அந்த இளகிய வாரங்களில் தினமும் விரல்களை நீட்டிப் பயிற்சி கொடுத்து, இரவில் விரல்களை நீட்டியபடி வைத்திருக்கும் ஸ்பிளிண்ட் கட்டினால்தான் கொடுத்த காசுக்குப் பலன். பிசியோ இல்லாமல் ஊசி மட்டும் போடுவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

செலவுதான் பெரும் சுமை, ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பத் திரும்ப வரும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் ஐஸ் இல்லாமல் வெறும் பையில் போட்டுக் கொடுத்தார்கள், வாங்க மறுத்துவிட்டேன். பிராண்ட் மாற்றினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். போட்டாக்ஸ் யூனிட்டும், இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் ஒன்றல்ல.

விலை குறைந்த வழி, தசைக்குப் போகும் நரம்பையே மரத்துப்போகச் செய்யும் ஃபீனால் ஊசி. தொடை இறுக்கத்துக்கு அதையும் பயன்படுத்துகிறார்கள். உணர்ச்சியும் சேர்ந்து ஓடும் நரம்பில் போட்டால் எரிச்சல் வலி வரக்கூடும் என்பதால் அம்மாவின் கைக்கு நாங்கள் அதை எடுக்கவில்லை.

காலில் போடுவது தனிக் கணக்கு. சிலர் அந்த விறைப்பை நம்பித்தான் நிற்கவே செய்கிறார்கள், அது போனால் முழங்கால் மடங்கி விழ வாய்ப்புண்டு. நடையைப் பார்க்காமல் காலில் ஊசி போட யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ஊசிக்குப் பிறகு விழுங்கச் சிரமமோ மூச்சுத்திணறலோ வந்தால், அது சில வாரம் கழித்து வந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.