பனியன் துண்டில் நெய்த ஜமக்காளம், ஆறு மாதம் மிதித்த பிறகு

முதலில் பழைய கதை. இரண்டு வருடத்துக்கு முன் ஹாலுக்கென்று ஐந்துக்கு ஏழு அடியில் புசுபுசுவென்று ஒரு கார்பெட் வாங்கினோம். கடைக்காரர் தடவிப் பார்க்கச் சொன்னார், தடவினோம், அங்கேயே விழுந்துவிட்டோம். ஒரு கோடைதான் தாங்கியது. சோபா முன்னால் கால் படுகிற இடம் அமுங்கிப் போச்சு, தூக்கிப் பெருக்கினால் தரையெல்லாம் வெள்ளை மாவு. அது என்ன மாவு என்று அப்புறம்தான் புரிந்தது. டஃப்டட் கார்பெட்டில் நூலை நெய்வதே இல்லை, ஒரு துணியில் ஊசியால் குத்தி இறக்கிவிட்டுப் பின்பக்கம் லேடெக்ஸ் பசை தடவி நிறுத்துகிறார்கள், மலிவாக இருக்கட்டும் என்று பசையில் சுண்ணாம்புக்கல் பொடி கலக்கிறார்கள், பசை காய்ந்து நொறுங்கினால் பொடி கொட்டத்தானே செய்யும்.

அதனால் ஈரோடு போனபோது பசையே இல்லாத ஜமக்காளமாகப் பார்த்து எடுத்தேன். ஆறுக்கு நாலு அடி, 950 ரூபாய். "இது பவானி கைத்தறி இல்லீங்க, பவர்லூமுங்க, நூலும் ரீசைக்கிள்தானுங்க" என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளத்தின் பெயரை ஒட்டி விற்காத கடை என்பதற்கே ஒரு மார்க் போடலாம்.

நூல்தான் இதில் விஷயம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் மறுபடி நூலாக ஓட்டுகிறார்கள். கிழித்த பஞ்சில் இழை குட்டை, வழக்கமான ரிங் ஸ்பின்னிங்குக்கு அது சரிப்படாது. ஓ.இ. மெஷினில் ரோட்டர் என்கிற சின்னக் கிண்ணம் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழன்று, குட்டை இழைகளை உள்விளிம்பில் சேர்த்து முறுக்கேற்றி நூலாக இழுத்துவிடுகிறது. துண்டில் ஏற்கெனவே நிறம் இருப்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. திருப்பூர் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றை நேரில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கருநீலக் கோட்டுக்குள் சிவப்பும் வெள்ளையுமாகத் துணுக்குகள் தெரிகின்றன, யாருடைய டீ-ஷர்ட்டோ! ஓரத்தில் பிரிந்த நூல் ஒன்றைக் கொளுத்தினேன், காகிதம் எரிகிற வாசனை, நுனியில் மட்டும் கடுகு போல ஒரு கெட்டி உருண்டை. பலத்துக்குப் பாலியஸ்டர் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுத்தக் காட்டன் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, சரி.

ஆறு மாதத்தில் நூல் உதிரவில்லை, அமுங்கவில்லை (அமுங்குவதற்கு இதில் புசுபுசுப்பே இல்லை). கார்பெட் பக்கமே உட்காராத அம்மா இதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார், உதறினால் போச்சு.

குறை இல்லாமல் இல்லை. முதல் சலவையில் நீளம் இரண்டு அங்குலம் சுருங்கியது. டைல்ஸ் தரையில் வழுக்குகிறது, அடியில் ரப்பர் வலை போட்டே ஆக வேண்டும். இன்னொன்று, அதே டிசைனில் இரண்டாவது பீஸ் மூன்று மாதம் கழித்து வாங்கினேன், பக்கத்தில் விரித்தால் நீலம் வேறு நீலமாக இருக்கிறது. வந்த துண்டின் நிறம்தான் நூலின் நிறம், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஜோடியாக வேண்டுமென்றால் ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.