7-ஆல் வகுபடுமா: கடைசி இலக்க வழியா, 1001 வழியா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த இரண்டில் எதைப் பழகுவது என்று குழம்புகிறார்கள்.

வேகம்: கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்ச எண்ணிலிருந்து கழிப்பது மூன்று, நான்கு இலக்கம் வரை அருமை. 343-க்கு 34 − 6 = 28, வேலை முடிந்தது. ஒன்பது இலக்கம் என்றால் ஆறேழு தடவை கழிக்க வேண்டும், நடுவில் ஒரு இடத்தில் கடன் வாங்க மறந்தால் எல்லாம் போச்சு. 1001 வழியில் வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 582316749-க்கு 749 − 316 + 582 = 1015, அதாவது 7 × 145.

மீதி: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரட்டிக்கும் வழி வகுபடுமா என்று மட்டும்தான் சொல்லும். 100-ஐ எடுங்கள்: 10 − 0 = 10, அதன் மீதி 3, ஆனால் 100-இன் உண்மையான மீதி 2. 1001 வழியில் மீதி மாறாது; 1001 = 7 × 11 × 13 என்பதால் அதே 1015-ஐ வைத்தே 11-க்கு மீதி 3, 13-க்கு மீதி 1 என்றும் சொல்லிவிடலாம். விடை மைனஸில் வந்தால் 1001-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சின்ன எண், ஆமா இல்லையா என்று மட்டும் கேள்வி என்றால் இரட்டிப்பதே போதும். மீதி கேட்டால் யோசிக்காமல் 1001.