‘ஹை டோஸ்’ வைட்டமின் டி பேக்கேஜ்: போனது 14,700 ரூபாய், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசம்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி, கே2, மெக்னீசியம், ஜிங்க் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு “மூன்று மாத பேக்கேஜ்” என்று ரீல்ஸில் விற்கிறார்களே, அதற்கு 14,700 ரூபாய் கட்டிவிட்டு, போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறோம். விற்றவர்களின் பேரை இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பேரில் கடை விரிப்பார்கள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்தது, குறைவுதான், மறுக்கவில்லை. டாக்டர் 60,000 யூனிட் மாத்திரை வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு, கூடவே ஒரு கால்சியம் மாத்திரை என்று எழுதினார். சில நூறு ரூபாயில் முடிகிற வைத்தியம். ஆனால் வலி என்ன சொன்ன பேச்சைக் கேட்டு உடனே போகிற சாமானா? அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீடியோ அம்மாவின் கண்ணில் பட்டது.

‘ஹெல்த் கோச்’ என்று ஒரு பெண் போன் செய்தார். அம்மாவிடம் தூக்கம், பசி, எந்தக் கால் அதிகம் வலிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா விழுந்ததே அங்கேதான். “நம்ம டாக்டர் நிமிர்ந்துகூடப் பாக்கலடா, இந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையா கேக்குது பாரு” என்றார். அப்புறம் அந்தக் கோச் என்னிடம் பேசினார். பேசியதில் முக்கால்வாசி உண்மை, கொடுமையே அதுதான். வைட்டமின் டி உடம்பில் வேலை செய்கிற வடிவத்துக்கு மாற மெக்னீசியம் வேண்டும் என்றார், உண்மை. கால்சியத்தை எலும்பில் சேர்க்கிற புரதங்களை வைட்டமின் கே தூண்டுகிறது என்றார், அதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மையின் முதுகில் ஏற்றி ஒரு பொய்யை விட்டார் பாருங்கள்: “இது ரெண்டும் கூட இருந்தா எவ்வளவு டோஸ் எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது அண்ணா, ஃபுல்லா சேஃப்.” ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைச் சொன்னேன். “அதையும் கண்டினியூ பண்ணட்டும்” என்றார். ஜிபேயில் 14,700 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டி வந்தது. டி3 (வைட்டமின் டியின் ஒரு வகை) பாட்டிலில் ஒரு சொட்டுக்கு 2,000 யூனிட் என்று போட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணையில் காலையில் 15 சொட்டு. கணக்குப் போடுங்கள், நாளுக்கு 30,000 யூனிட். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் ஒரு பெரியவர் தினமும் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000 யூனிட்தான். டாக்டர் வாரத்துக்கு எழுதிய மருந்து இங்கே இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது, அதுவும் அந்த வார மாத்திரைக்கு மேலே. மெக்னீசியம் டப்பாவில் இன்னொரு வேடிக்கை. முன்னால் கொட்டை எழுத்தில் “மெக்னீசியம் கிளைசினேட் 500 மி.கி.” என்று இருக்கும். அந்த உப்பில் நிஜ மெக்னீசியம் ஏழில் ஒரு பங்குதான், 70 மி.கி. தேறும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 14,700.

முதலில் மலச்சிக்கல். அப்புறம் அடங்காத தாகம், ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடை, சோற்றைப் பார்த்தாலே குமட்டல். கோச்சுக்கு மெசேஜ் போட்டேன். “டாக்ஸின் வெளியே போகுது அண்ணா, நல்ல சைன், நிறுத்தாதீங்க” என்று கைகூப்பும் பொம்மையோடு பதில். அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்க ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல் லேபுக்குக் கூட்டிப் போனோம். கால்சியம் 12.9. பத்தரைக்குள் இருக்க வேண்டியது. கிரியேட்டினின் 1.7, அதுவும் அதிகம். வைட்டமின் டி “150-க்கு மேல்” என்று அச்சாகி வந்தது, லேபில் அளக்கிற எல்லையே அதுதானாம்.

ஆஸ்பத்திரி டாக்டர் எல்லாச் சொட்டையும் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். வைட்டமின் சி மாதிரி வைட்டமின் டி சிறுநீரோடு போய்விடாது, கொழுப்பில் தங்கிக்கொள்ளும், இறங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். டி கூடினால் குடல் கால்சியத்தை அள்ளி இழுக்கும், அந்தச் சுமை முழுக்க சிறுநீரகத்தின் தலையில் விழும். கே2 அதைத் தடுக்கும் என்று நம்பி டோஸை ஏற்ற எந்த ஆதாரமும் இல்லை என்றும் சொன்னார்.

சரி, பணத்தையாவது கேட்போம் என்று போன் செய்தேன். முதலில், சீல் உடைத்த பாட்டிலுக்கு ரீஃபண்ட் கிடையாது. அடுத்து, “இது மருந்தே இல்ல சார், ஃபுட் சப்ளிமெண்ட், சைட் எஃபெக்ட் வராது.” (பணம் கட்டும்வரை அண்ணா, அப்புறம் சார்.) ரிப்போர்ட்டை அனுப்பினேன். “அந்த வார மாத்திரையாலதான் ஆயிருக்கும், உங்க டாக்டரைக் கேளுங்க” என்றார்கள். அதையும் தொடரச் சொன்ன வாய்ஸ் நோட்டையே திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அதே நம்பரிலிருந்து ‘கிட்னி க்ளென்ஸ்’ பொடிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் வருகிறது! திட்டினேன், பிளாக் செய்துவிட்டார்கள். 14,700 ரூபாய். ஆஸ்பத்திரி பில் தனி.

எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். சொட்டுக்கு எத்தனை யூனிட், நாளுக்கு எத்தனை சொட்டு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மைக்ரோகிராமில் போட்டிருந்தால் ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட். கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் டி3 ஒளிந்திருக்கும், அதையும் கூட்டுங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கே2 பக்கமே போகாதீர்கள், மாத்திரையின் வேலையையே அது கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெக்னீசியமும் வெளியேறாமல் தேங்கும். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள், காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் யாராவது இப்படிச் சொட்டு எடுத்துக்கொண்டு தாகம், மலச்சிக்கல், குமட்டல் என்று சொன்னால், கோச்சுக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்காமல் சொட்டை நிறுத்திவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போய் கால்சியம் டெஸ்ட் எடுங்கள்.