ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு 1873: எந்தத் தோட்டா, எத்தனை கிரெய்ன் குண்டு? நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ட்ராப்டோர் என்பது, அறையின் மேல்மூடியைத் தூக்கி ஒவ்வொரு தோட்டாவாக வைக்கும் பழைய அமெரிக்க ராணுவத் துப்பாக்கி. பெட்டியில் '45-70 கவர்ன்மென்ட்' என்று அச்சிட்டிருந்தால் போதும், அது ட்ராப்டோர் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தோட்டா அறைக்குள் சிக்கலில்லாமல் போகும், மூடியும் மூடும். ஆனால் அந்தப் பெயரில் இன்று விற்கப்படும் தோட்டாக்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் வெடிப்பவை அல்ல. தோட்டா நிரப்புவோருக்கான கைநூல்கள் 45-70-ஐ மூன்று பிரிவாகப் பிரித்திருப்பது இதனால்தான். முதல் பிரிவு ட்ராப்டோருக்கு. அடுத்தது மார்லின் 1895 போன்ற லீவர் துப்பாக்கிகளுக்கு. மூன்றாவது ரூகர் நம்பர் 1 போன்ற இன்றைய வலுவான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளுக்கு. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ.யின் தரநிலை இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). லீவர் பிரிவு ஏறத்தாழ 40,000 வரை போகும், ரூகர் பிரிவு அதற்கும் மேலே. பஃபலோ போர் போன்ற நிறுவனங்களின் உயரழுத்தத் தோட்டாக்கள் இந்த மேல் பிரிவுகளைச் சேர்ந்தவை. அவை ட்ராப்டோருக்கு ஒருபோதும் கூடாது. கூடுதல் அழுத்தத்தைக் காட்டும் '+பி' என்ற குறி இருந்தாலோ, 'நவீன துப்பாக்கிகளுக்கு மட்டும்' என்ற வரி இருந்தாலோ பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது மூடியைத் திறந்து பார்த்தாலே விளங்கும். எர்ஸ்கின் ஆலின் இந்த அமைப்பை முதலில் உருவாக்கியது, உள்நாட்டுப் போர்க் கால வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளைப் பின்வழி நிரப்புவதாக மாற்றுவதற்கு. மூடியின் முன்முனையில் ஒரு கீல் ஊசி, பின்முனையில் கட்டைவிரலால் தூக்கும் ஒரு கேம் தாழ்ப்பாள். இன்றைய போல்ட் துப்பாக்கியில் இருக்கும் பருத்த பூட்டுக்காதுகள் இதில் கிடையாது. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்தான கரிமருந்தின் அழுத்தத்துக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் தாங்கும் என்று நம்ப இடமில்லை. நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் பழகிய இரும்பு என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

தோட்டா தேடுவதற்கு முன் அறை உண்மையிலேயே 45-70 தானா என்று உறுதி செய்யுங்கள். 1866, 1868, 1870 மாதிரி ட்ராப்டோர்கள் 50-70 தோட்டாவுக்கு உரியவை. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். வாய்முனையில் அளவுகோலை வைத்தாலே அரை அங்குலமா, 0.45 அங்குலமா என்று தெரிந்துவிடும். ஆனால் பிற்காலத்தில் யாராவது அறையைக் கடைந்து மாற்றியிருக்கிறார்களா என்பது செரோசேஃப் என்ற, எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி வார்ப்பு எடுத்தால்தான் தெரியும். இந்த உலோகம் 70 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். ஊற்றி முடித்தவுடன் சற்றுச் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஒரு மணி நேரம் கழிந்த நிலையில் அதன் அளவுதான் அறையின் உண்மை அளவு. அடுத்த வாரம் அளக்கலாம் என்று ஒதுக்கி வைத்தால் வார்ப்பு பெரிதாகிவிடும், அளவும் தப்பிவிடும்.

அடுத்து குழலின் உள்விட்டம். குண்டின் எடை என்ன என்ற கேள்விக்கு முன் வர வேண்டிய கேள்வி இது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் சங்கடப்படுகிறார்கள். தூய காரீய உருண்டை ஒன்றில் எண்ணெய் தடவி, வாய்முனையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் பின்பக்கம் வரை மெதுவாகத் தள்ளுங்கள். வெளியே வரும் காரீயத்தில் பள்ளமும் மேடும் பதிந்திருக்கும். இதை வெர்னியர் காலிப்பரால் அப்படியே அளந்தால் தவறான எண் கிடைக்கும். குண்டைச் சுழற்ற ஸ்பிரிங்ஃபீல்டு குழலின் உட்சுவரில் வெட்டியிருப்பது மூன்று பள்ளங்கள். ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு மேட்டுக்கு நேரெதிரே மேடு இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. காலிப்பரின் ஒரு தாடை மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் உட்காரும், அளவு குறைவாகக் காட்டும். ஆயிரத்தில் ஓர் அங்குலத் தடிமனுள்ள பித்தளைத் தகட்டை அந்தக் காரீயத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, அதன் மேல் அளந்து, 0.002 அங்குலம் கழித்தால் நம்பத்தக்க எண் வரும். வி-பிளாக் மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படி அளந்தால் பள்ள விட்டம் 0.459-லிருந்து 0.462 அங்குலம் வரை வருவது சகஜம், அதையும் தாண்டும் குழல்களும் உண்டு. இன்றைய செம்பு உறைக் குண்டுகள் 0.458 அங்குலம். 0.462 குழலில் 0.458 குண்டு போனால் ஓரத்தில் வாயு கசியும், குறி சிதறும். கடினமான செம்பு உறை அந்தக் காலத்து மென்மையான எஃகைத் தேய்க்கவும் செய்யும். 300 கிரெய்ன் (கிரெய்ன் ஒரு சிறு எடை அளவு) உறைக் குண்டுத் தோட்டாக்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். பலவும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரம்புக்குள் இருப்பவைதான். இருந்தும் பழைய குழலுக்கு அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குழலின் பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ, ஆயிரத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகவோ உள்ள மென்காரீயக் குண்டுதான் சரி. அந்தக் குண்டை உட்கார வைத்த தோட்டா விரலால் தள்ளினாலே அறைக்குள் முழுதாக இறங்க வேண்டும். இடித்துத் தள்ள வேண்டியிருந்தால் தோட்டாக் கூட்டின் கழுத்துக்கு விரிய இடமில்லை என்று பொருள், அழுத்தம் ஏறும்.

இனி எடை. இந்தத் துப்பாக்கியின் குழல் பள்ளங்களின் முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இங்கிலாந்தின் உல்விச்சில் பணிபுரிந்த கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 150-ஐக் குண்டு விட்டத்தின் இருமடியால் பெருக்கி, முறுக்கு நீளத்தால் வகுக்க வேண்டும். 0.458-இன் இருமடி 0.21-க்குச் சற்றுக் குறைவு. பெருக்கி 22-ஆல் வகுத்தால் 1.43 அங்குலம் வரும். அதுவரை நீளமுள்ள குண்டு நிலைபெற்றுப் பறக்கும். 405 கிரெய்னும் 500 கிரெய்ன் உருண்டை மூக்கும் இதற்குள் சௌகரியமாக அடங்கும். 530-ஐத் தாண்டிய நீளமூக்குக் குண்டுகள் எல்லையை உரசும். அவை 18 அங்குல முறுக்குள்ள ஷார்ப்ஸ் வகைத் துப்பாக்கிகளுக்கு ஏற்றவை, இதற்கு வேண்டாம்.

ராணுவத்தின் முதல் தோட்டா 45-70-405: 0.45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் கரிமருந்து, 405 கிரெய்ன் குண்டு. நீள ரைஃபிளில் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,350 அடி. குதிரைப்படையின் 22 அங்குலக் குழல் கார்பைன் எனும் குட்டைத் துப்பாக்கிக்கு மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்தார்கள். எடை குறைந்த அந்தத் துப்பாக்கியில் முழுத் தோட்டாவின் உதை அவ்வளவு கடுமையாக இருந்தது. 1881-இல் 500 கிரெய்ன் குண்டு வந்தது, தொலைதூர இலக்குக்காக. ஆகையால் நீள ரைஃபிள் வைத்திருப்பவருக்கு எங்கள் முடிவு 405 கிரெய்ன். 500-ஐ 300 கஜத்துக்கு மேல் சுடுவோர் எடுத்துக்கொள்ளட்டும். கார்பைனுக்கு 405 கிரெய்ன் குண்டும் 55 கிரெய்ன் மருந்தும் மட்டுமே. கார்பைனில் 500 போட்டால் உதை தோளோடு நிற்பதில்லை. ஆண்டுகள் போகப் போகக் கட்டையின் கழுத்துப் பகுதியில், பூட்டுத் தகட்டுக்குப் பின்னால், மயிரிழை விரிசல் கிளம்பும்.

எடை குறைந்த குண்டு என்றால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தோட்டாவைப் பாதுகாப்பானதாக்குவது அழுத்தமே. 300 கிரெய்ன் குண்டை வேகமாகத் தள்ளும் தோட்டாவின் அழுத்தம், கரிமருந்தில் நிரப்பிய 405-இன் அழுத்தத்தை மிஞ்சலாம். லேசான குண்டு வேகமாகக் குழலை விட்டுப் போவதால் 100 கஜத்தில் தாழ்வாக விழும் என்பது ஒரு நன்மை. ஏனென்றால் ட்ராப்டோரின் குறிகாட்டியைக் கீழ்க்கடைசியில் வைத்தாலும் 405 குண்டு 100 கஜத்தில் குறிக்கு மேலேதான் போகும். குறிகாட்டி போர்க்களத் தூரத்துக்கு அமைத்தது. இதற்காகக் குண்டை மாற்ற வேண்டாம். முன்முனைக் குறியை உயரமான ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள், பழைய குறியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வார்ப்பச்சில் லைமன் 457193 தட்டை மூக்கு 405, லைமன் 457125 உருண்டை மூக்கு 500. இரண்டும் பழகியவை. லீயின் குழிந்த அடிப்பாக 405 அச்சு பெரிய குழலுக்குத் தனிச்சிறப்பு. வெடிக்கும்போது குழிந்த அடி விரிந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்ற கலவையே போதுமானது. வாகனச் சக்கரத்தின் சமநிலை எடையை உருக்கி வார்த்த கடினக் காரீயம் இங்கே கெடுதல்தான். அது விரியாது, வாயு ஓரத்தில் ஓடி குழலில் ஈயம் படிய வைக்கும். மசகு தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்ததாக இருக்கட்டும். புகையில்லா மருந்துக்கான பெட்ரோலிய மசகைக் கரிமருந்தோடு சேர்த்தால் குழலுக்குள் தார் மாதிரி இறுகிவிடும், பத்தாவது சுடலுக்குள் குறி ஓடிவிடும்.

மருந்து நிரப்பும்போது ஒரு விஷயத்தில் இம்மியும் தளர்வு கூடாது: கரிமருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடமே இருக்கக் கூடாது. வெற்றிடம் விட்டால் குழலிலோ அறையிலோ வளையம் போல் வீக்கம் விழும். அதைத் திருத்த வழியில்லை. அந்தக் காலத்து மடித்த அடிக் கூட்டைவிட இன்றைய கெட்டி அடிப் பித்தளைக் கூட்டில் இடம் குறைவு. அதனால் 70 கிரெய்ன் திணிப்பது கஷ்டம். 60 முதல் 65 கிரெய்ன் கோயெக்ஸ் 2எஃப் கரிமருந்து, 24 அங்குல இறக்குக் குழாய் வழியாக மெல்ல ஊற்றி, மேலே ஓர் அட்டை வட்டு, பிறகு அமுக்கு டை என்ற அச்சுக் கருவியால் அமுக்கம். இந்த அமுக்கத்தைக் குண்டை வைத்துச் செய்யாதீர்கள். மென்காரீயக் குண்டின் மூக்கு சப்பிவிடும், நடுப்பகுதி பருத்து அறையில் மாட்டும். குண்டின் எவ்வளவு நீளம் கூட்டுக்குள் இறங்கும் என்று முதலில் அளந்து, வட்டு அந்த ஆழத்தில் நிற்கும்படி மருந்தை அமுக்குங்கள். குண்டு வட்டின் மேல் மெத்தென்று உட்கார வேண்டும். கார்பைனுக்கான 55 கிரெய்னில் மிச்ச இடத்தைக் கூடுதல் வட்டுகளால் நிரப்புங்கள். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி என்பதால் கூட்டின் வாயைக் கடித்து இறுக்க வேண்டியதில்லை, விரித்த வாயை நேராக்கினால் போதும்.

கரிமருந்துக்கு மாற்றான பைரோடெக்ஸ் போடுவோர் அதைக் கன அளவால் மட்டுமே அளக்க வேண்டும். கரிமருந்தைவிட அது லேசானது. தராசில் 65 கிரெய்ன் நிறுத்துப் போட்டால் அளவுக்கு மிஞ்சிய மருந்து உள்ளே போய்விடும்.

புகையில்லா மருந்துக்கு நாங்கள் இங்கே எண் தரப்போவதில்லை. கைநூலின் ட்ராப்டோர் பக்கத்தில், உங்கள் குண்டின் எடைக்கு நேரே உள்ள தொடக்க அளவை எடுத்து அங்கேயே நில்லுங்கள். வேகத்துக்காக மேலே ஏறுவதில் இந்தத் துப்பாக்கிக்கு ஒரு லாபமும் இல்லை. பெரிய கூட்டில் சின்ன அளவு மருந்து கிடப்பதால் இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. நிரப்பிய கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு அடித்து மட்டம் பாருங்கள்.

நீண்ட காலத்தில் தேய்வது எது என்றால், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் கீல் ஊசியும். கீல் ஊசி தேய்ந்தால் மூடியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க முடியும். அந்த அசைவு வந்த துப்பாக்கியைச் சுடக் கூடாது, ஊசியை மாற்ற வேண்டும். தாழ்ப்பாள் ஒவ்வொரு முறையும் முழுதாக விழுகிறதா, சுடும் ஊசி துருவோ பிசுக்கோ இல்லாமல் தானாக முன்பின் சரிகிறதா என்று பாருங்கள். சுட்ட கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அடியிலிருந்து பிதுங்கி நின்றால், விளிம்புக்கும் மூடிக்கும் இடையில் இடைவெளி கூடியிருக்கிறது.

கூடு மாட்டிக்கொள்ளும் தொல்லை இந்தத் துப்பாக்கியோடு பிறந்தது. 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படையினர் வைத்திருந்தது இந்தக் கார்பைன்தான். அன்றைய கூடுகள் மென்மையான செம்பு. சூடான, அழுக்கேறிய அறையில் ஒட்டிக்கொண்டன. தட்டி எடுக்கக் கார்பைனில் கம்பியும் இல்லை. பித்தளைக் கூட்டில் அந்த அபாயம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனாலும் இருபது சுடலுக்கு ஒருமுறை ஈரத் துணியால் அறையைத் துடைத்துவிடுங்கள். சுடல்களுக்கு இடையே ஊதுகுழாயால் ஐந்தாறு மூச்சு ஊதினால் கரி இளகி, அடுத்த குண்டு வழுக்கிப் போகும்.

சுட்ட கூடுகளை அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று பையிலேயே விட்டால் கரிமருந்தின் உப்பு பித்தளையைத் தின்னும். கழுத்தை மட்டும் அளவுக்குக் கொண்டுவந்து, உடலை அறையின் அளவிலேயே விட்டால் அதே கூடு பல ஆண்டு உழைக்கும். குழலை வெந்நீரால் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, எண்ணெய் போடுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை மறுபடி இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் இன்னும் ஒரு முறை வெந்நீர்.