ஏஎம்சி கட்டியும் கடைக் கணக்கு போனது: சிறு வியாபாரிகள் கவனத்துக்கு

திருப்பூரில் தையல் நூல், ஜிப், எலாஸ்டிக் மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் மூன்று கம்ப்யூட்டர். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு வருடம் 12,000 ரூபாய் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டிவந்தேன். ஐந்து வருடப் பழக்கம். போன் செய்தால் அரை மணி நேரத்தில் வந்து நிற்பார். அந்த நம்பிக்கையில், என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை. பில் போடும் பெண், "அண்ணா, டேலியில கம்பெனியே காட்டலைங்க" என்றார். டேலிதான் நாங்கள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். டேட்டா ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் நீளமாக ஒரு எண்ணும், யாருடையதோ ஒரு ஈமெயில் முகவரியும் ஒட்டியிருந்தன. டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு. இப்படி ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராமுக்கு ரான்சம்வேர் என்று பெயர்.

பேக்கப் ஹார்ட் டிஸ்கைப் பார்த்தேன். அதிலும் அதே கதி. தினமும் இரவு தானாக பேக்கப் ஆகும்படி அவர் செட் செய்திருந்தார், ஆனால் டிஸ்க் வருடம் முழுக்க அதே மெஷினில் சொருகியே கிடந்தது. உள்ளே வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி உண்டு. பூட்டிய ஃபைல்கள் அங்கேயும் ஏறி, நல்லதன் இடத்தைப் பிடித்துவிட்டன. டிரைவில் ஃபைலின் பழைய பதிப்பு 30 நாள் வரை இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தபோது 40 நாள் ஆகியிருந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் முதல் நாளே அதைப் பாருங்கள்.

அவர் வந்தார், பத்து நிமிடம் பார்த்தார். "வைரஸ்ங்க, ஃபார்மட் போட்டுடலாம்" என்றார். டேலி ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் மூன்று மெஷினையும் துடைத்துவிட்டார். பிறகு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுக்கப் போனேன். எப்படி உள்ளே வந்தார்கள் என்று பார்க்க அந்த மெஷினை அப்படியே கேட்டார்கள். காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை.

வழி என்னவென்று ரவுட்டரைத் திறந்து பார்த்த வேறொருவர்தான் சொன்னார். வீட்டிலிருந்து ஸ்டாக் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதோ கேட்டதற்காக, வெளியிலிருந்து மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது அதற்கான வாசலை, ஏஎம்சிக்காரர் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறார். பாஸ்வேர்ட், கடைப் பெயரோடு 123. உலகம் முழுக்க இந்தப் போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு, ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பதும் அவைதான். பில் போடும்போது மெஷின் ஸ்லோவாகிறது என்று ஆன்டிவைரஸையும் அவர் நிறுத்தி வைத்திருந்தார். இரண்டையும் என்னிடம் சொல்லவில்லை.

இதற்கு மேல்தான் இரண்டாவது அடி. சென்னையில் தெரிந்த டேட்டா ரெக்கவரி ஆள் (போன ஃபைல்களை மீட்டுத் தருபவர்) இருக்கிறார் என்று அதே ஏஎம்சிக்காரர் நம்பர் கொடுத்தார். 25,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். இரண்டாம் நாள், திறந்த எக்செல் ஃபைல் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் எலாஸ்டிக் விலைப்பட்டியல். அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. அப்புறம் மீதி 1,60,000 கேட்டார். அந்த நேரத்தில் ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் தம்பி ஒருவர் தடுத்தார்: "அண்ணா, பூட்டினவனுக்கு மெயில் போட்டாலே நம்ப வைக்க ஒரு சின்ன ஃபைலை அவன் சும்மாவே திறந்து தருவான். இவர் அதை வாங்கித்தான் உங்களுக்கு அனுப்பியிருப்பார்." எந்த முறையில் திறக்கிறீர்கள், ஜிஎஸ்டி பில் தருவீர்களா என்று அந்த ஆளிடம் கேட்டேன். அன்றோடு அவர் போன் எடுப்பதில்லை. 25,000 போனது போனதுதான்.

கணக்கு எப்படித் திரும்பியது என்பதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஆடிட்டரிடம் மார்ச் 31 வரை டேலி பேக்கப் இருந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை விற்பனைக்கு ஜிஎஸ்டி போர்ட்டலில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1, கொள்முதலுக்கு ஜிஎஸ்டிஆர்-2பி. ஆகஸ்டுக்குக் காகித பில் நகல்கள். ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்காதே. பேங்க் ஸ்டேட்மென்டையும் ரசீது புத்தகத்தையும் வைத்து ஏழு வாரம் உட்கார்ந்தோம். பல பார்ட்டிகள் கேட்டதும் தங்கள் லெட்ஜர் நகலை அனுப்பினார்கள், அவர்களை மறக்க மாட்டேன். இரண்டு பேர் தரவேயில்லை.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க். மாற்றி மாற்றி எடுக்கிறோம், எடுத்ததும் கழற்றிவிடுகிறோம். ஒன்று எப்போதும் என் வீட்டு பீரோவில் இருக்கும். மாதம் ஒரு முறை அதிலிருந்து வேறொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் வருகிறதா என்று பார்க்கிறேன். ரவுட்டர் பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட், டிரைவ் கணக்கு மூன்றும் என் கையில். வெளியிலிருந்து கடை மெஷினுக்குள் வர எந்தப் போர்ட்டும் திறப்பதில்லை.

மாட்டிக்கொண்டால் நெட் கேபிளையும் வைஃபையையும் உடனே துண்டியுங்கள், ஃபார்மட் போட விடாதீர்கள். பூட்டிய ஃபைல்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல வகைகளுக்கு இலவசமாகத் திறக்கும் டூல் இருக்கிறது. ஃபோபோஸ் என்ற ரான்சம்வேருக்கு ஜப்பான் காவல்துறை 2025 ஜூலையில்தான் டூல் வெளியிட்டது. அதற்குப் பல வருடம் முன்பே மாட்டி, ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குக்கூட அது உதவும். ரெக்கவரி ஆளுக்கு என்னைப் போல் பணம் அனுப்பிவிட்டிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அன்றைக்கே கூப்பிடுங்கள். நான் ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கூப்பிட்டேன், அதற்குள் அந்தக் கணக்கில் பணம் இல்லை.

அதே ஆள் பார்க்கும் இரண்டு கடைகளுக்கு நானே போய்ச் சொன்னேன். ஒரு கடையில் 3389 திறந்தேதான் இருந்தது, ஹார்ட் டிஸ்கும் மெஷினிலேயே சொருகியிருந்தது. போர்ட்டை மூடி, டிஸ்கைக் கழற்றி ஓனர் கையில் கொடுக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் வந்தேன்.