தென்னிந்தியக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி: பயன்படுத்திப் பார்த்த கணிப்பு

தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் இருப்பதாகக் கல்வெட்டு சொல்கிறது என்று யாராவது சொன்னால், அக்கோயில் கல்வெட்டுகளைத் தரும் இந்தத் தொகுதியின் முதல் கல்வெட்டைத் திறந்து காட்டுங்கள். அதில் இருப்பது விமானத்தின் உச்சியில் வைக்க இராஜராஜன் கொடுத்த ஒரு செப்புக்குடம். எடை 3083 பலம். மேலே போர்த்தப் பொன் 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் பழைய எடை அளவுகள்). உச்சிக் கல்லின் எடை எங்கும் இல்லை.

கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ட்ஸ் 1891இல் தொடங்கிய இத்தொகுதி ஐந்து பகுதிகளாக வந்தது. மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் கல்வெட்டுப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். கல்லில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இல்லை. ‘கொப்பரகேசரி’ என்று தெரிவதைக் ‘கோப்பரகேசரி’ (சோழ அரசர் சிலரின் பட்டம்) என்று படிப்பது பதிப்பாசிரியரின் முடிவு. இங்கே அது சரிதான், ஆனால் அறியாத ஊர்ப்பெயரில் அந்த முடிவு தவறலாம். சதுர அடைப்புக்குள் இருப்பது சிதைந்த அல்லது ஐயமான எழுத்து. உடுக்குறியோடு (*) வருவது கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் சேர்த்தது. உங்கள் வாதம் அந்த அடைப்புக்குள் இருக்கும் ஓரெழுத்தில் நிற்கிறதென்றால் மைப்படியை (கல்லில் தாள் ஒற்றி மையால் எடுத்த படி) பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இராஜராஜன் ஆட்சி 985 நடுவில் தொடங்குகிறது. அதுவே முதலாம் ஆண்டு. எனவே 26ஆம் ஆண்டு என்றால் 985+26 அல்ல, 1010–11. குடம் கொடுத்தது 25ஆம் ஆண்டு 275ஆம் நாள். கணக்குப் போட்டால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் விழும். இத்தனை நெருக்கமான தேதி எல்லாக் கல்வெட்டிலும் கிடைக்காது. வேறு ஊர்க் கல்வெட்டில் வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் முதலாம் பராந்தகனா, உத்தம சோழனா என்பதே சிக்கல். ‘மதிரை கொண்ட’ என்ற அடை இருந்தால் பராந்தகன். மெய்க்கீர்த்தியும் (அரசனைப் புகழும் முகப்பு வரிகள்) அடையும் இல்லையென்றால் எழுத்தமைதியையும் (எழுத்தின் வடிவம்) அதிகாரிகள் பெயரையும் வைத்துத்தான் நகர வேண்டும்.

நில அளவுகள் கண்ணைக் கட்டும். வேலி என்ற நில அளவில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. நடுவில் ‘கீழ்’ என்று வந்தால் அதன்பின் வரும் பின்னத்தை 320ஆல் வகுக்க வேண்டும்: கீழ் அரை என்றால் 1/640. இன்னொரு கீழ் வந்தால் மறுபடியும் 320. இதைக் கவனிக்காமல் கூட்டினால் மொத்தம் உப்பிவிடும். இன்றைய வேலியை வைத்து ஏக்கராக்குவதும் வேண்டாம், அளந்த கோல் வேறு.

‘நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று அரசனே பேசும் வரியைப் படிக்கும்போது சுவை தட்டும். பேச்சுத் தமிழ் அப்படியே கல்லில் நிற்கிறது! ஆனால் இது கொடுத்தவர் தரப்புப் பட்டியல். 66ஆம் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட பெண்கள்) பெயரும் வந்த கோயிலும் வீட்டு வரிசையும் உண்டு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் உண்டு. அவர்கள் விரும்பி வந்தார்களா என்பதற்கு ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தை நாமாக நிரப்பக் கூடாது. வந்த ஊர்ப்பெயர்களை அந்தந்தக் கோயில் கல்வெட்டுகளோடு ஒப்பிடலாம், அவ்வளவு தூரம் போகலாம்.

குறை என்று பார்த்தால், இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கேன்களில் படத்தகடுகள் கறுப்புத் திட்டாகவே இருக்கும். சரிபார்க்க அச்சுப் பிரதி வேண்டும். நான்காம் தொகுதி முதல் பலவற்றில் மூலம் மட்டும்தான், மொழிபெயர்ப்பு கிடையாது. இதில் ஐம்பது கல்வெட்டாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தபின் அவற்றை எடுங்கள்.