லாக்ஸ்டெப் சிப் ஒன்றா, தனித்தனி சிப் இரண்டா?

மின்சார பவர் ஸ்டீயரிங்கை இயக்கும் கணினிப் பெட்டி (ஈசியூ) ஒன்றுக்காக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி, கடைசியில் லாக்ஸ்டெப் பக்கம் போனவன் நான். அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ஓட்டுநர் கேட்காமலே மோட்டார் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடக் கூடாது, அதுதான் பாதுகாப்பு இலக்கு. வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 26262 கணக்கில் இது ஏசில் டி, ஏ முதல் டி வரையான படிகளில் மிகக் கடுமையானது. லாக்ஸ்டெப்பில் ஒரே சிப்புக்குள் இரண்டு கோர் (கணக்கிடும் பகுதி) ஒரே கட்டளையை ஓட்டும், பெரும்பாலும் ஒன்று ஓரிரு கிளாக் துடிப்பு பின்தங்கி. விடை மாறினால் ஒப்பீட்டுச் சுற்று உடனே கத்திவிடும். இன்னொரு வழி, டி தரத் தேவையைக் கெடுபிடி குறைந்த இரண்டு பி தரத் தேவைகளாகப் பிரித்து, இரண்டு எளிய சிப்புகளில் தனித்தனி மென்பொருள் எழுதி ஒன்றை ஒன்று கண்காணிக்க விடுவது. விலை, பலகையில் பிடிக்கும் இடம் இதெல்லாம் தெரிந்த கதை.

பிரித்தால் சுமை பாதியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஒற்றைப் பழுது அளவீடு (தனியொரு பழுதே ஆபத்தாகிவிடாமல் எந்த அளவுக்குத் தடுக்கிறோம் என்பது) குறைந்தது 99 சதவீதம், நூறு கோடி மணி நேரத்துக்கு 10-க்கும் குறைவான பழுது என்ற டி இலக்குகள் மொத்த அமைப்புக்கு அப்படியே நிற்கும். ஒவ்வொரு பாதியையும் உருவாக்கும் முறையில்தான் கெடுபிடி குறையும், அதுவும் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்று நிரூபித்தால்.

அந்த நிரூபணம் ஒருமுறை எழுதிக் கோப்பில் போடுகிற காரியம் இல்லை. முந்தைய ஒரு திட்டத்தில் முறுக்குவிசை சென்சார் இரண்டு, சிப் இரண்டு, மென்பொருள் குழுவும் இரண்டு. அப்புறம் செலவைக் குறைக்க சென்சார் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் இரண்டு ஏடிசிக்கும் ஒரே 5 வோல்ட் ரெஃபரன்ஸை (அளவுகோலாக இருக்கும் மின்னழுத்தத்தை) கொடுத்துவிட்டார்கள். ஸ்கீமேட்டிக்கில் மாறியது ஒரே ஒரு கோடு. சென்சார் சிக்னல்கள் எதிரெதிராக இல்லாமல் ஒரே திசையில் ஏறுபவை வேறு, ஆக ரெஃபரன்ஸ் சரிந்தால் இரண்டு சிப்பும் ஒரே தப்பான எண்ணைப் படித்து "சரிதான்" என்று தலையாட்டும். ஒரே காரணத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுமா என்று பார்க்கும் சார்புப் பழுது ஆய்வை முதலிலிருந்து செய்தோம். லாக்ஸ்டெப்பிலும் மின்சாரமும் கிளாக்கும் பொதுவானவைதான், வெளியே ஒரு வாட்ச்டாகும் (சிப் உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் சுற்று) மின்னழுத்தக் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் சிப்புக்குள் இருக்கும் சார்புகளைத் தயாரிப்பாளரே அலசி, நாம் செய்யவேண்டியதைப் பாதுகாப்புக் கையேட்டில் எழுதித் தருகிறார். பலகையில் கைவைக்கும்போதெல்லாம் நான் அதைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை.

மென்பொருள் பிழை மட்டும் லாக்ஸ்டெப்பின் கண்ணில் படாது. இரண்டு கோரும் அதே தப்பை விசுவாசமாகச் செய்யும், அதனால் பாதுகாப்பு சார்ந்த நிரல் முழுவதையும் டி தரத்துக்கு எழுதவேண்டியிருந்தது. வலித்தது.

இன்னொன்று, பழுது தெரிந்ததும் மோட்டாரை அணைத்தால் போதும் என்ற இடத்துக்குத்தான் என் கட்சி. ஸ்டீயரிங் தண்டே இல்லாத ஸ்டீயர்-பை-வயரில் அணைப்பதே ஆபத்து, ஒன்று விழுந்தாலும் இன்னொன்று ஓடியாக வேண்டும். அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை.